சித்தி பெயரில் பிறந்தவன்

ஜூன் 3

இது யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். காட்டினால் அம்மாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். சொல்லாமலே இருந்தால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

அம்மா எட்டு வருடமாக பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் வேலை பார்க்கிறாள். ஆனால் சித்தியின் பெயரில். முதலில் சித்திதான் அங்கே இருந்தாள். கல்யாணமானதும் போகப் பிடிக்காமல், அடையாள அட்டையைக் கழற்றி அம்மா கழுத்தில் மாட்டிவிட்டாள். அக்கா தங்கை இரண்டு பேருக்கும் ஒரே முகம். அங்கேயும் எங்கள் தெருவிலும் எல்லோரும் அம்மாவைச் சித்தி பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அம்மாவும் டக்கென்று திரும்புவாள்.

இப்போது எனக்குத் தம்பி பிறந்திருக்கிறான். பட்டாணி என்று கூப்பிடுகிறேன். வயிறு தெரிய ஆரம்பித்ததும் வேலையை விட்டுவிடலாம் என்றுதான் அம்மா நினைத்தாள். சித்திதான் விடவில்லை.

"ஆறு மாசம் வீட்ல உக்காந்தே சம்பளம்க்கா! பிரசவ லீவுன்னா சும்மாவா? என் பேரை நாலு இடத்துல எழுதினா பேரு தேஞ்சா போயிடும்?"

அதனால் ஆஸ்பத்திரியிலும் சித்தியின் பெயரையே கொடுத்தார்கள். நர்ஸ் முன்னால் நான் அம்மாவைச் சித்தி என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டேன். "என்னடி கண்ணு" என்றாள் அம்மா. எனக்கு ஏன் அப்படி அழுகை வந்தது?

ஜூன் 19

சித்தப்பாவுக்கு அவர் ஆபீஸில் தந்தை விடுப்பு கொடுத்திருக்கிறார்களாம், சம்பளத்தோடு. பிறப்புச் சான்றிதழில் அப்பா என்று அவர் பெயர்தானே இருக்கிறது.

"சரியான கில்லாடி!" என்று அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். லாரியோடு வெளியூரில் இருக்கும் அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னாள். அவரும் சிரித்தார். நானும்தான்.

அந்த லீவில் சித்தப்பா எங்கள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. அவர் வீட்டில் ஒரு சின்ன அறைக்குப் பெயின்ட் அடிக்கிறாராம். இளநீலம்.

ஜூலை 8

சித்தி பட்டாணியைத் தோளில் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டே வாசல் வரை போய்விட்டாள். அம்மா கூப்பிட்ட பிறகுதான் நின்றாள். செருப்பு மாட்டியிருந்தாள்.

ஜூலை 26

லீவுச் சம்பளம் கொடுக்கிற அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தாள், தாயையும் குழந்தையையும் நேரில் பார்க்க. விலாசம் சித்தியுடையது. அதனால் விடிந்ததும் பட்டாணியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் அங்கே போனோம்.

சித்தி புதுப் புடவை கட்டி, கட்டிலில் சாய்ந்து, பட்டாணியை மடியில் வைத்திருந்தாள். அம்மா சமையலறைக்குள் நின்றாள்.

"பாப்பா, நீ யாரு?" என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டாள்.

"இவங்க அக்கா பொண்ணு" என்றேன்.

அது பொய்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அப்படியே அம்மா ஜாடை" என்று அவள் பட்டாணியின் கன்னத்தைத் தொட்டாள். சித்தி வெட்கப்பட்டாள். நிஜமாகவே வெட்கப்பட்டாள்.

அப்புறம் அவன் அழ ஆரம்பித்தான். பசி அழுகை, எனக்குத் தெரியும். "பால் குடும்மா, நான் இருக்கேன்னு பாக்காதே" என்றாள் அந்த அம்மாள். "எனக்குச் சரியா சுரக்கலைங்க" என்று சித்தி புட்டிப்பாலை எடுத்தாள். அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு கத்தினான். நான் சமையலறைக்கு ஓடினேன். அம்மா மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ரவிக்கை முன்பக்கம் முழுக்க நனைந்து, பால் புடவை வரை இறங்கியிருந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து பார்த்தால், அவன் புட்டியைக் குடித்துக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட் 11

அந்த அம்மாள் மறுபடி வருவாளாம். "ரெண்டு நாள் இங்கேயே இருக்கட்டுமே, அலைக்கழிக்க வேணாம்" என்று சித்தி பட்டாணியை வாங்கிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 16

இன்றுதான் திருப்பிக் கொண்டுவந்தாள். யாரும் வரவே இல்லையாம். அவன் மேல் வேறு பவுடர் வாசனை. அம்மா முகர்ந்து பார்த்தாள், வெந்நீர் போட்டு இரண்டு தடவை குளிப்பாட்டினாள்.

அக்டோபர் 5

அம்மாவுக்கும் சித்திக்கும் சண்டை. நான் பாத்திரம் கழுவுகிற மாதிரி குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன்.

"நீ வேலைக்குப் போனப்புறம் யாரு பாத்துக்குவா? இவ பள்ளிக்கூடம் போயிடுவா. நான் வளக்கறேன்னுதானே சொல்றேன்."

"உன் பேரைத்தான்டி வாங்கினேன். என் புள்ளைய உனக்கு எழுதிக் குடுக்கல."

"எழுதித்தானே குடுத்திருக்கே, அக்கா."

சித்தி கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. அம்மாவின் முந்தானையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "உன் குரல்தான் ஏறுது. பக்கத்து வீட்டுக்குக் கேட்டா என்னைப் பிடிப்பாங்களா, உன்னைப் பிடிப்பாங்களா?"

சித்திக்குக் கல்யாணமாகி எட்டு வருடம், குழந்தை இல்லை. அவளைப் பார்த்தால் எனக்குப் பாவமாகவும் இருக்கிறது. அது தப்பா?

அக்டோபர் 6

கதவுக்கு அம்மா இன்னொரு தாழ்ப்பாள் வாங்கி வந்தாள்.

நவம்பர் 24

லீவு முடிந்து இன்று அம்மா வேலைக்குப் போனாள். எனக்குப் பள்ளிக்கூடம் லீவு, பட்டாணி என்னிடம். அரை மணி நேரத்தில் அம்மா திரும்பி வந்துவிட்டாள். சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

கம்பெனி வாசலில் காவலாளி சிரித்தாராம். "என்னம்மா, நேத்துதானே வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போனே? புள்ளையப் பாத்துக்கணும்னு சொன்னியே. ராத்திரியோட மனசு மாறிடுச்சா?"

நேற்று அம்மா வீட்டை விட்டே நகரவில்லை.

"அது நான் இல்லன்னு எப்படிடி சொல்லுவேன்?" என்றாள் அம்மா. "சொன்னா, நீ யாருன்னு கேப்பாங்களே."

அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

நவம்பர் 25

அப்பா போனில் பேசினார். இப்போது சிரிக்கவில்லை. "எதையும் யோசிக்காதே. ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு நான் இருக்கற ஊருக்கு வந்துடு. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

காலையில் முதல் பஸ். ஒரே ஒரு பை. பட்டாணியின் துணிதான் பாதி. சித்திக்குத் தெரியாது. தெரிய வழியே இல்லை. ஆனால் சாயங்காலம் தெருமுனையில் சித்தப்பாவின் ஸ்கூட்டர் நின்றதே? இல்லை, வேறு யாருடையதோவாக இருக்கும்.

அம்மா படுக்கவில்லை. கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். பட்டாணி என் மடியில். ஒரு கையால் எழுதுகிறேன். அவன் என் விரலைப் பிடித்துக்கொண்டு

ஏதோ வண்டி, ஜீப் மாதிரி. எங்கள் வீட்டுக்கு முன்னால்தான்.

கதவைத் தட்டுகிறார்கள். சித்தி இல்லை, ஆண் குரல். அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். சித்தியின் பெயர் இல்லை. அம்மாவின் சொந்தப் பெயர். இந்த ஊரில் எங்களையும் சித்தி வீட்டையும் தவிர அது யாருக்கும் தெரியாது. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பட்டாணியைத்தான் பார்க்கிறாள். மறுபடி தட்டு