தேடல் கருவி வந்த பிறகு போன நாற்காலி

அனுப்புநர்:
மூத்த அலுவலர், பாதுகாப்புத் தரநிலைகள் பிரிவு,
இரண்டாம் தளம், ஜன்னலோர மேசை.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மூன்றாம் தளம்.

பொருள்: ஏஐ ஏஜென்ட்களுக்கான தேடல் கருவியால் எனக்கு நேர்ந்த குறைகள் – என் மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியைத் திருப்பித் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனுவை எந்த ஏஜென்டிடமும் கொடுத்துச் சுருக்கச் சொல்லாமல் தாங்களே முழுவதும் படிக்க வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

1. கணினிப் பாதுகாப்புக்காக வெளியாகும் தரநிலைகளைப் படித்து, நம் அலுவலகத்துக்கு எது பொருந்தும் என்று சொல்வது என் பணி. பாஸ்வேர்டு எத்தனை எழுத்து, பழைய கணினியை எப்படிக் கழிப்பது, வெளியாள் பென்டிரைவைச் செருகலாமா, எதற்கும் என்னிடம்தான் வருவார்கள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, “சார், ஒரு சின்ன சந்தேகம்” என்பார்கள். அதைக் கேட்பதற்காகவே நான் விடுப்புகூட எடுப்பதில்லை.

2. சென்ற ஆண்டு, அடுத்த அறையில் இருக்கும் மென்பொருள் பொறியாளர் இந்தத் தேடல் கருவியைச் செய்தார். அவர் என் மனைவியின் தங்கையை மணந்தவர்; எனக்குச் சகலை. சொன்ன வேலையைத் தாமே செய்து முடிக்கும் மென்பொருள்களான ஏஜென்ட்கள் இப்போது எல்லாப் பிரிவிலும் உள்ளன. அவற்றுக்கு ஐயம் வந்தால் அந்தக் கருவியில் தேடுகின்றன. எந்தத் தரநிலை, எந்த விதி, எந்தப் பதிப்பு என்று அது ஆதாரத்தோடு எடுத்துக் கொடுக்கிறது. நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

3. குறை கண்டுபிடித்தே தீருவது என்று நானும் அதைக் குடைந்து பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் என் வயிற்றெரிச்சல். கடைசியில் ஒரு தவறு அகப்பட்டது. மாதாமாதம் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று கருவி எடுத்துக் கொடுத்த விதி, எப்போதோ கைவிடப்பட்ட பழைய பதிப்பில் இருந்தது. அதை நம்பி ஏஜென்ட் எல்லோரையும் மாற்ற வைக்க, கணக்குப் பிரிவே புது பாஸ்வேர்டை மறந்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருந்தது. நான் எழுத்து மூலம் தெரிவித்தேன். சகலை அன்றே சரிசெய்தார். மறுநாள் கூட்டத்தில் தாங்கள், “பாருங்க, கருவி எவ்வளவு சீக்கிரம் தன்னைத்தானே திருத்திக்கிச்சு!” என்று கைதட்டினீர்கள். எல்லோரும் தட்டியதால் நானும் தட்டினேன்.

4. வீட்டிலும் நிம்மதி இல்லை. வங்கியிலிருந்து வந்தது போல ஏதாவது குறுஞ்செய்தி வந்தால் என் மாமனார் முன்பு, “மாப்பிள்ளை, இதைத் தொடலாமா?” என்று என்னைத்தான் கேட்பார். இப்போது சின்ன மாப்பிள்ளைக்குப் போன் போகிறது. “உங்களைத் தொந்தரவு பண்ண வேணாம்னுதான் அப்பா கேக்கலைங்க” என்கிறாள் என் மனைவி. என்னைத் தொந்தரவு செய்ய இப்போது ஒருவருமே இல்லை, ஐயா.

5. இது பொறாமை என்று தாங்கள் நினைக்கலாம். பொறாமையேதான். ஆனால் திங்கட்கிழமை நடந்தது அதற்கும் மேல். கருவியைப் பற்றிக் கேட்க வருவோரால் சகலையின் அறையில் கூட்டம் தாங்கவில்லை என்று, என் எதிரே இருந்த நாற்காலியை அலுவலக உதவியாளர் தூக்கிக்கொண்டு போனார். ஏனென்று கேட்டேன். “உங்ககிட்டதான் யாரும் வர்றதில்லையே சார்” என்றார்.

6. நேற்று சகலையே என் மேசைக்கு வந்தார். கருவி ஒரே கேள்விக்கு இரண்டு விதிகளைக் காட்டுகிறதாம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாம். “ஒரு சின்ன சந்தேகம்ணே” என்றார். உட்காரலாம் என்று பார்த்தார், நாற்காலி இல்லை. சற்று நேரம் கால் மாற்றி நின்றார். அதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது. “சரிண்ணே, அப்புறம் வரேன்” என்று போய்விட்டார். எந்த இரண்டு விதிகள் என்று சொல்லவில்லை. நானாகப் போய்க் கேட்கவும் மானம் இடம் கொடுக்கவில்லை.

7. அந்தக் கருவியையே அகற்றக் கோரித்தான் இம்மனுவை எழுதத் தொடங்கினேன். அது வேண்டாம். அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். நாற்காலியை மட்டும் இன்றே என் மேசைக்குத் திருப்பி அனுப்ப உத்தரவிட வேண்டுகிறேன். “அப்புறம் வரேன்” என்று சொல்லியிருக்கிறார். வந்தால் அவர் உட்கார வேண்டும்.

இடம்: இரண்டாம் தளம்
நாள்: வியாழக்கிழமை, காலை

தங்கள் பணியில்,
(ஒப்பம்)
மூத்த அலுவலர், பாதுகாப்புத் தரநிலைகள் பிரிவு