நெஞ்சிலிருந்து வராத சிக்னல்

2024 மார்ச் 4, திங்கள்
நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்து ஏழு கிழமை, ஒன்றரை மாதத்துக்கு மேல். காலையில் கிளினிக் தந்த பெட்டிக்கு முன்னால் இருந்து பொத்தானை அழுத்தினால், உள்ளே இருக்கும் கருவி அதற்குத் தகவல் அனுப்பும். பெட்டி அதைக் கொழும்புக் கிளினிக்குக்கு அனுப்பும். பச்சை விளக்கு எரிய வேண்டும். இன்று சிவப்பு. எங்கள் ஊர் தோட்டவெளியில் கவரேஜ் மோசம். பதினெட்டு வருடமாகப் போன் ரவர்க் கோபுரம் ஏறித் திருத்துகிறவனுக்கு இது தெரியாதா? பெட்டியை ஜன்னலடிக்கு மாற்றினேன்.

மார்ச் 6
சிவப்பு.

மார்ச் 9, சனி
நெஞ்சோடு அணைத்துப் பிடித்தால்தான் பச்சை. முன்பு இரண்டு மீற்றர் தள்ளியிருந்தும் வேலை செய்தது. பெட்டிதான் பழுது.
"பெட்டி பழுதோ, உங்களுக்குள்ள ஏதும் பழுதோ?" என்றாள் என் மனைவி அன்ரோனெற்.
"நீர் சும்மா இரும்" என்று மனிசிக்குச் சத்தம் போட்டேன்.

மார்ச் 11, திங்கள்
எனக்குச் சொல்லாமல் அவளே கிளினிக்குக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள். நிருஷா என்று ஒரு தொழில்நுட்பப் பிள்ளை.
"பெட்டியிலயிருந்து எங்களுக்கு ஒழுங்கா வருது அண்ணா. உங்கட நெஞ்சுக்கும் பெட்டிக்கும் இடையிலதான் குறையுது."
"இரண்டு மீற்றர் காற்றில என்ன குறையப்போகுது?"
"காற்றில இல்லை, சதையில. கருவிக்குள்ள இருக்கிற அன்ரெனா உடம்புக்குள்ள வேலை செய்யவெண்டே செய்தது. சுத்தியிருக்கிற தசை, கொழுப்பு எல்லாம் கணக்குப் பார்த்துத்தான். அதில நீரோ இரத்தமோ கட்டினா அலையைக் குடிச்சிடும். அலைவரிசையும் விலகிப்போகும். அந்த இடம் வீங்கியிருக்கோ?"
நான் சேர்ட்டை நெஞ்சோடு இழுத்துப் பிடித்தேன். அன்ரோனெற் எழும்பி வந்து என் சேர்ட் பொத்தான்களைக் கழற்றினாள்.
உள்ளங்கை அளவு வீக்கம். கருநீலம்.
"இது என்ன?"
"ரவர் ஏறினனான்."
ஏறக்கூடாது என்று டொக்டர் சொன்னவர். ஏறவில்லை என்று அவளுக்குச் சத்தியம் பண்ணினவன் நான். விடத்தல்தீவு ரவருக்கு வேறு ஆள் இல்லை என்று வேலைக் கந்தோரில் சொன்னார்கள், ஏறினேன். இடுப்பிலிருந்து தோளுக்குப் போகும் பாதுகாப்புப் பட்டி சரியாகக் கருவிக்கு மேலால்தான் இறுகும். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசையும் குடிக்கிறேன்; உள்ளே கசிந்தால் நிற்காது.
"இப்பவே ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்கோ" என்றாள் நிருஷா. குரல் மாறியிருந்தது.
அம்புலன்ஸ் வரும்வரை எழுதுகிறேன். மழைத் தண்ணீர் சிக்னலைக் குடித்துவிடும் என்று எத்தனை பேருக்கு விளங்கப்படுத்தியிருப்பேன் — என்ர நெஞ்சுக்குள்ள இரத்தம் நிக்குது, நான் ஜன்னலைத் திறந்துகொண்டு நிண்டனான். வீங்கினது தெரியும். தெரிஞ்சும் ஏன் பார்க்கேல்லை?

மார்ச் 15, கொழும்பு
அந்த இடத்தைத் திறந்து, கட்டியிருந்த இரத்தத்தையும் கருவியையும் வயரையும் எடுத்துவிட்டார்கள்; புதுசு வைக்கும்வரை வெளியில் ஒரு தற்காலிகக் கருவி. கிருமி தொற்றத் தொடங்கியிருந்ததாம். இன்னும் ஒரு கிழமை போயிருந்தால் வயர் வழியாக இருதயத்துக்கே இறங்கியிருக்கும் என்றார் டொக்டர். ஒரு கிழமை. அந்தப் பெட்டியை மாற்றித் தரச்சொல்லிச் சண்டை பிடிக்க இருந்தேன்.
அன்ரோனெற் பக்கத்துக் கதிரையில்.
"எத்தினை தரம் ஏறினீங்கள்?"
"நாலு."
கதிரையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மார்ச் 30
வீடு. புதுக் கருவி வலப்பக்கம். பச்சை.
நேரத்துக்குக் கஞ்சி தருகிறாள், குளிசை தருகிறாள். என்னோடு கதை பேச்சு இல்லை.

ஏப்ரல் 8, திங்கள்
கந்தோருக்குக் கடிதம் எழுதினேன்: இனி ரவர் ஏறமாட்டேன், நிலத்தில் நின்று செய்யும் வேலை தாருங்கள். மேசையில் வைத்துவிட்டு முகம் கழுவி வர, அன்ரோனெற் வாசித்துக்கொண்டிருந்தாள்.
"திகதி போடேல்லை" என்று பேனையை நீட்டினாள்.
போட்டேன்.
"நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்" என்று மடித்துத் தன் பையில் வைத்தாள். பிறகு, வாசலில் நின்று, "சாப்பாட்டுக்கு என்ன வாங்கிக்கொண்டு வர?" என்று கேட்டாள்.