முதல் தடவை கல் வரவில்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவுக்கு நன்றாகப் பசிக்கிறது, அதைவிடப் பெரிய நலம் எனக்கு வேண்டாம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் தங்கப் பேத்தியும் சுகமாயிருக்க வேண்டும். நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் முதலில் உட்கார். பதினைந்து நாளைக்கு முன்னால் போனில், கல்லை எடுத்தாச்சு, நீ அலையாதே என்று சொன்னேனே, அது பொய். நீ டிக்கெட்டை ரத்து செய்த அன்றைக்கு அப்பா உள்ளே கல்லோடுதான் படுத்திருந்தார். இப்போது நிஜமாகவே எடுத்தாகிவிட்டது, தைரியமாகப் படி.

பித்தப்பையை எடுத்து எட்டு வருஷம் ஆச்சே, இனிக் கல் எங்கிருந்து வரும் என்று அசட்டையாக இருந்துவிட்டோம். கண் மஞ்சளானபோதும் அப்பா, கடை லைட்டு அப்படி என்று மழுப்பினார். குளிர்ஜுரத்தில் கட்டில் ஆடிய பிறகுதான் தையல் மெஷினை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பித்தக்குழாயில் கல் அடைத்திருக்கிறது, வாய் வழியாக கேமரா வைத்த குழாயை விட்டு எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னார். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து, என்னால முடியலம்மா, துளையே கண்ணுக்குப் படல என்றார். இரைப்பையைத் தாண்டியதும் குடலில் ஒரு பை பிதுங்கியிருக்கிறதாம், வயசானவர்களுக்கு இருப்பதுதானாம், பித்தக்குழாய் வந்து திறக்கிற துளை அந்தப் பையின் உள்மடிப்பில் ஒளிந்துகொண்டதாம். அந்த நேரம் பார்த்து உன் போன். பேத்திக்குப் பரீட்சை வேறு. முடிஞ்சிருச்சுடி என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அப்பாவோ இன்னொரு தடவை அந்தக் குழாயை முழுங்கமாட்டேன், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஜுரம் இறங்கவில்லை, சீழ் ரத்தத்துல கலந்துட்டா நம்ம கையில இல்லம்மா என்று டாக்டரம்மா என்னிடம் தனியே சொன்னார். நேரே அப்பாவிடம் போய், ஊசியில ஒரு தடவை நூல் ஏறலைன்னா சட்டையைத் தூக்கிப் போட்டுடுவீங்களா என்று கத்தியே விட்டேன். மறுநாள் காலை டாக்டரம்மா கட்டிலிலேயே உட்கார்ந்து மருந்துச்சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, இது பாக்கெட் மடிப்புக்குள்ள போட்ட பொத்தான் காஜா மாதிரியில்ல இருக்கு, மடிப்பை வெளியே இழுத்துப் பிடிச்சாத்தானே ஊசி போகும் என்றார். டாக்டரம்மா சிரித்துவிட்டு, அதைத்தான் செய்யப்போறேன் ஐயா, சின்ன இடுக்கியால இழுத்துப் பிடிச்சுக்கிட்டு கம்பியை விடுவேன் என்றார். அப்ப முதல்லயே ஏன் செய்யல என்று கேட்டுவிட்டார் இந்த மனுஷர்! அந்தம்மா கோபப்படவில்லை, தேடித் தேடி அந்த இடமே வீங்க ஆரம்பிச்சிருச்சு, இன்னும் குத்தினா கணையம் கெட்டுடும்னு நிறுத்திட்டேன் என்றார். நிறுத்தத் தெரிஞ்ச கைதான், நம்பிப் படுக்கலாம் என்று அப்பா கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே சட்டைப் பொத்தான் அளவில் இரண்டு கல் வந்தது, மூன்றாம் நாள் கண் வெளுத்துவிட்டது.

பை அப்படியே இருக்குமாம், எடுக்கத் தேவையில்லை, ஆனால் கல் மறுபடி வரலாம், ஜுரமோ மஞ்சளோ தெரிந்தால் அன்றைக்கே வரச்சொன்னார். அந்தப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன், பேத்தியிடம் கொடு. அறிவியலில் முதல் மார்க் வாங்குகிறவள் என்று வார்டில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டேன், தரை துடைக்கிற அம்மா என்னைக் கண்டாலே வழி மாறிப் போனாள்.

ஒன்று சொல்கிறேன், அன்றைக்குப் பொய் சொன்னபோது என் குரல் துளியும் நடுங்கவில்லை. அதிலிருந்து நீ போனில் எல்லாம் நல்லாயிருக்கோம்மா என்றாலே எனக்குப் பக்கென்கிறது. இனி நான் உள்ளதைச் சொல்கிறேன், நீயும் சொல்லடி.

மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நூறு வருஷம் இருங்கள். கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் என் காதில் மட்டும் திட்டு, நீ டிக்கெட் வாங்கியிருந்ததே அப்பாவுக்குத் தெரியாது. நீ வருவாயா என்று கேட்டுக்கொண்டேதான் படுத்திருந்தார்.

இப்படிக்கு,
உன் அம்மா