பெடலில் வைத்த கால்

மருமகன் வாசலில் உங்கள் பழைய காரைப் பிரித்துப் போட்டிருக்கிறார். பிரேக் ஆயில் வாடை அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. "அத்தை, ஹோஸ் மாட்டிட்டேன். கொஞ்சம் வந்து பெடலை மிதிங்களேன்" என்று கூப்பிடுகிறார். அடுப்பில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அடுப்பு அணைந்துதான் கிடக்கிறது.

உங்களைவிட மூத்த அந்தக் காரை என் சக்களத்தி என்றுதான் சொல்வேன். கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் முடிந்து வந்தால் முதலில் அதைத்தானே பார்ப்பீர்கள்? மகளுக்குக் கல்யாணம் முடிவானதும், "என் பொண்ண நான்தான் ஓட்டிக்கினு போயி மண்டபத்துல எறக்குவேன்" என்று ஒற்றைக்காலில் நின்றீர்கள். பிரேக்கோ சரியாகப் பிடிக்காது. சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் போகிற இரும்புக் குழாய் அதிர்ந்து அதிர்ந்து விரிசல் விட்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டு, வளைகிற ரப்பர் ஹோஸ் மாட்டினீர்கள்.

மாட்டினால் போதாது, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். நான் காருக்குள் உட்கார்ந்து பெடலை மிதிக்க, நீங்கள் சக்கரத்தருகே படுத்துக்கொண்டு திருகைத் திறந்து மூடுவீர்கள்.

"நான் உடுன்னு சொல்றவரிக்கும் காலை எடுக்காத. எடுத்தா காத்து உள்ள பூந்துக்கும். அப்பால மறுபடியும் பேஜாரு."

"கொழம்பு அடிபுடிக்குது. சீக்கிரம் சொல்லித் தொலைங்க."

சிரித்தீர்கள். பிறகு "புடி" என்றீர்கள். பெடல் என் காலடியில் மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. "உடு" வரவில்லை. "இன்னாங்க" என்றேன். ஆயில் சொட்டுகிற சத்தம்தான் கேட்டது. என்றைக்கு உங்கள் பேச்சைக் கேட்டிருக்கிறேன்? அன்றைக்கென்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாரடைப்பு, அந்த நொடியே போயிருப்பார் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டு நான் ஆறுதலடைய வேண்டுமாம். ஒரு முனகல்கூடவா உங்களால் முடியவில்லை? இத்தனை வருடமாக உங்களைத் திட்டித் தீர்க்கிறேன், கோபம் அடங்கவில்லை, அழுகையும் அடங்கவில்லை. மகள் வாடகைக் காரில்தான் மண்டபத்துக்குப் போனாள்.

இன்றும் எந்த வண்டியில் ஏறினாலும் என் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது. "பிரேக்கு இங்க கீது அத்தை" என்று மருமகன் கேலி செய்வார். நல்ல பிள்ளை. நின்றே கிடந்ததில் நீங்கள் மாட்டிய ஹோஸ் காய்ந்து வெடித்துவிட்டதாம். அதை மாற்றத்தான் இந்தப் பாடு படுகிறார்.

மறுபடியும் கூப்பிடுகிறார். போய் மிதிக்க எனக்குத் தெரியாதா? மிதித்துப் பிடித்தால், கொஞ்ச நேரத்தில் அவர் "உடுங்க அத்தை" என்பார். நான் காலை எடுத்தாக வேண்டும்.

எப்படி எடுப்பேன்? நீங்கள் இன்னும் சொல்லவில்லையே.