மணிக்கட்டில் ஒரு துளி ஆயில்

அக்கா,

சூடேறிய எஞ்சின் ஆயில் வாடை மூக்கில் ஏறினால் இப்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். இந்த வாடைக்குப் பயப்படும் மெக்கானிக் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நொய்டா பக்கம் நாம் வழக்கமாக வரும் பந்தயத் தடத்தின் ஷெட்டில், கழற்றிப் போட்ட டயர் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே உன் கார். இன்று அதை ஓட்டப் போகிறவள் உன் மகள் கோமு.

காலையில் பழைய வால்வு ஸ்பிரிங்குகளை அழுத்திப் பார்த்தேன். இரண்டு தளர்ந்திருந்தன. எல்லாவற்றையும் புதிதாக மாற்றி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு நிறுத்தியிருக்கிறேன். இனி அது உள்வரை ஆற வேண்டும். ஆறினால்தான் புது ஸ்பிரிங் நிலைக்கு வரும். அதற்குள் முழு வேகத்தைக் காட்டினால் துவண்டுவிடும், ஒடியவும் ஒடியும். அப்புறம் வால்வு நேரத்துக்கு மூடாது, பிஸ்டன் வந்து அதை முட்டும், எஞ்சின் அப்படியே பூட்டிக்கொள்ளும். உனக்கே பாடம் எடுக்கிறேன் பார். பயம் வந்தால் எனக்கு வாய் ஓயாது என்று உனக்குத்தான் தெரியுமே.

சின்ன வயதில் டெல்லி கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் அப்பாவின் ஸ்கூட்டரை நீ பிரித்துப் போடுவாய், நான் வாசலில் காவல் நிற்பேன். அப்போதிருந்தே பயப்படுவது என் வேலை, சிரிப்பது உன் வேலை. "ஏட்டி பயந்தாங்கொள்ளி, அந்த ஸ்பானரை எடு" என்பாய்.

கோமுவுக்கு இது முதல் பந்தயம். இப்போதைய தகுதிச் சுற்றைத் தவறவிட்டால் நாளைக்கு எல்லோருக்கும் பின்னால் நின்றுதான் கிளம்ப வேண்டும். சற்று முன் எஞ்சின் மூடியைத் தொட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"சித்தி, கவர் ஏக்தம் டண்டா ஆயிடுச்சு. சலோ, ஜல்தி!"

மூடி சுத்தமாக ஆறிவிட்டதாம், சீக்கிரம் கிளம்ப வேண்டுமாம். அன்றைக்கு நீயும் மூடியைத்தானே தொட்டாய்.

உன் விபத்து நடந்ததும் இதுபோல ஒரு ஜனவரியில். மூடுபனி விலகாதா என்று காத்துக் கிடந்தோம். விலகியதும் கார்களை அவசரமாக அழைத்துவிட்டார்கள். அன்று காலையில்தான் ஸ்பிரிங் மாற்றி ஓடவிட்டிருந்தோம். மூடி சில்லென்று இருந்தது. நானும் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினேன். டெல்லிக் குளிர் மேல்மூடியைச் சீக்கிரம் ஆற்றிவிடும், உள்ளே எஞ்சின் கொதித்துக்கொண்டுதான் இருக்கும். சென்னை வெயிலில் வேலை செய்கிறவர்கள் யாரும் அப்படி ஏமாந்திருக்க மாட்டார்கள்.

நேர்ப்பாதையின் முடிவில் டக்கென்று ஒரு சத்தம். அதன்பிறகு சத்தமே இல்லை. கிளட்சை மிதிக்கக்கூட உனக்கு நேரமில்லை. பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன, கார் சுழன்று போய் டயர் சுவரில் மோதியது. நான் ஓடினேனாம், எனக்கு ஓடிய நினைவே இல்லை. நீ ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்தாய். அதை யாரோ படம் எடுத்தார்கள். துவாரகா ஃபிளாட்டில் கோமுவின் கட்டிலுக்கு மேலே அந்தப் படம்தான் தொங்குகிறது.

அதற்குப் பிறகு முதலுதவி அறையில் நடந்தது அவளுக்குத் தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் கை வெடவெடவென்று நடுங்கியது. "செத்தேன்னு நெனச்சேன்ட்டி. பிள்ள மொகம் கண்ணு முன்னால வந்துட்டு. யார்ட்டயும் சொல்லிராத" என்றாய். நான் சொல்லவில்லை. போன குளிர்காலத்தில் காய்ச்சல் நெஞ்சில் இறங்கி நீ போய்ச் சேர்ந்த பிறகும் சொல்லவில்லை.

அந்த விபத்துக்குப் பிறகு நீ மூடியை நம்பியதே இல்லை. ஆயில் பார்க்கும் குச்சியை உருவி, குழந்தைக்குப் பால் பதம் பார்ப்பதுபோல ஒரு துளியை மணிக்கட்டில் வைப்பாய். அங்கே சூடு தெரிந்தால் யார் கூப்பிட்டாலும் கார் நகராது.

கோமுவிடம் அந்தக் குச்சியைத்தான் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "அம்மா இருந்தா விட்டிருப்பாங்க. அவங்களுக்கு டர், பயம் எல்லாம் கிடையாது. நீங்கதான் எதுக்கெடுத்தாலும்..." என்றாள்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. உனக்குக் கொடுத்த வாக்கை நின்ற இடத்திலேயே உடைத்துவிட்டேன், அக்கா. உன் கை நடுங்கியதைச் சொன்னேன். உன் கண் முன்னால் வந்த முகம் யாருடையது என்றும் சொன்னேன். கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள்.

அவள் காருக்கு அந்தப் பக்கம் போய், முதுகைக் காட்டி நின்றுவிட்டாள். குச்சியைத் திரும்பச் செருகி, பானெட்டை மூடிவிட்டு நான் எடுத்ததுதான் இந்தத் தாள். வெளியே மற்ற கார்களை வரிசைக்கு அழைக்கிறார்கள். சாவி அவளிடம் இருக்கிறது. ஏறி உட்கார்ந்து கிளப்பினால் நான் என்ன செய்வேன்? குறுக்கே போய்ப் படுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை. நகர்கிறாள். ஏதோ திறக்கும் சத்தம். தலையை நிமிர்த்தவே பயமாக இருக்கிறது.

திறந்தது பானெட்.

குச்சியை உருவினாள். கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு துளியை மணிக்கட்டில் வைத்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தர்... உள்ள இன்னும் சூடா இருக்கு, சித்தி. மத்தவங்க போகட்டும்."

பிறகு வந்து இதே டயரில் என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "எனக்கும் காலைலேர்ந்து பயமா இருக்கு" என்றாள், யாருக்கும் கேட்காத மாதிரி.

வெளியே முதல் கார் உறுமிக்கொண்டு போகிறது. கோமுவின் கை இப்போது என் இடது கைக்குள் இருக்கிறது. வெடவெடவென்று நடுங்குகிறது. உன் நடுக்கம்தான், அக்கா. எனக்கு அடையாளம் தெரியாதா, இத்தனை வருஷம் அதை நான்தானே வைத்திருந்தேன்.