இழுத்த இழுப்புக்கு

மார்ச் 3, செவ்வாய்

முதலாளியின் மருமகன் போனில் ஆணை போட்டுவிட்டார். எந்த அறையில் யார், எது காலி என்பதெல்லாம் இனிமேல் கம்ப்யூட்டர் ஷீட்டில்தான். இந்த மாதத்துக்குள் பழகாவிட்டால் விடுதியின் முன்மேசைக்கு வேறு ஆள். பத்தாம் வகுப்பையே தள்ளாடித் தாண்டியவன் நான். மவுஸைக் கிழக்கே நகர்த்தினால் அம்பு மேற்கே போய் நின்றுகொண்டு என்னை வேடிக்கை பார்க்கிறது.

மகளிடம் சொன்னேன். “ஒரு வாரம் குடுப்பா, உன்னை மனுஷனாக்கிடறேன்” என்றாள். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு முன்னேற்றம்.

மார்ச் 4

இன்று இழுக்கக் கற்றேன். ஒரு கட்டத்தில் ‘அறை 1’ என்று அடித்து, அதன் மூலையில் இருக்கும் புள்ளியைப் பிடித்துக் கீழே இழுத்தால் அறை 2, அறை 3 என்று தானாகவே வருகிறது. எங்கள் விடுதியில் இருப்பதே ஒன்பது அறைகள். என் கை நிற்கவில்லை, ‘அறை 16’ வரை போய்விட்டது.

“செங்கல் இல்லாம ஏழு ரூம் கட்டிட்டேன், எங்க முதலாளிகிட்டச் சொல்லு” என்றேன். மகள் சிரித்துச் சிரித்துப் பேனாவைக் கீழே போட்டாள்.

கீழிருந்து ஒவ்வொரு வரிசையாக அழித்துக்கொண்டு வந்தேன். நடுவில் யாரோ மேசை மணியைத் தட்டினார்கள், எழுந்து போனேன். வெளியே ஒருவருமில்லை. திரும்பி வருவதற்குள் மகள் ஷீட்டைச் சேமித்து மூடிவிட்டாள்.

மார்ச் 6

அறைகளைச் சுத்தம் செய்யும் அக்காவுக்காக ஷீட்டை அச்செடுத்து மாடிப்படி அருகே ஒட்டியிருந்தேன். முடித்த அறைக்கு நேரே ஒரு டிக் போட வேண்டும். சாயங்காலம் பார்த்தால் பத்து டிக்! ‘அறை 10’-ஐ அழிக்காமல் விட்டிருக்கிறேன். என் லட்சணம்.

“ஏம்மா, பத்துல என்ன சுத்தம் பண்ணினே?”

“படுக்கை விரிப்பு மாத்தினேன், மேனேஜரண்ணே. ஜன்னல்தான் கொஞ்சம் இறுக்கமா இருக்கு.”

“பத்து எங்க இருக்கு?”

“ஒன்பதுக்கு அடுத்து. வேற எங்க இருக்கும்?” என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

மேலே போய்ப் பார்த்தேன். ஒன்பதுக்கு அடுத்து சுவர். சுவரில் போன வருடத்துக் காலண்டர். அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு டிக் போடுகிறாள் போல. போடட்டும், நானும் சம்பளத்தை அப்படித்தான் வாங்குகிறேன்.

மார்ச் 7

சாவிப் பலகையின் கடைசியில் ஓர் ஆணி. அதில் ஒரு சாவி. முன்பே இருந்ததா?

மார்ச் 9

இன்றைய பாடம்: தப்பை ரத்து செய்வது. இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினால் கடைசியாகச் செய்தது இல்லாமல் போகும். மறுபடி அழுத்தினால் அதற்கு முந்தையது.

“கல்யாணத்துக்கு முன்னாடி வரைக்கும் போகுமா?” என்று கேட்டேன். தையல் மெஷினிலிருந்து மனைவியின் பார்வை வந்தது. அதை ரத்து செய்ய எந்தப் பொத்தானும் கிடையாது.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. “அப்பா, ஷீட்டை மூடிட்டா அவ்வளவுதான். அப்புறம் எதுவும் திரும்பி வராது. ஞாபகம் வெச்சுக்கோ.”

நான் மூடினால்தானே. மூட மறப்பதற்குத்தான் தினமும் அவளிடம் திட்டு வாங்குகிறேன்.

அவளுக்குத் தேர்வு நெருங்குகிறது. முன்மேசைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறைதான் எங்கள் வீடு. தையல் மெஷின் சத்தத்தில் என்னத்தைப் படிப்பாள்? காலி அறை எதிலாவது உட்கார்ந்துகொள் என்று சொன்னேன்.

மார்ச் 11, புதன்

இன்று நடந்ததை எழுதினால்தான் மனசு அடங்கும்.

நேற்று அனுப்பிய ஷீட்டைப் பார்த்துவிட்டு, காலையில் முதலாளியின் மருமகன் போன் செய்தார். “நம்மகிட்ட ஒன்பதுதானே? ஷீட்ல பத்து எப்படி வந்துச்சு? அந்த வரிசையைத் தூக்கிடுங்க.” தூக்கினேன். ஒரே அமுக்கு. பிறகு தலைப்புகளுக்கு வண்ணம் கொடுத்தேன், எழுத்தைப் பெரிதாக்கினேன், வந்த இரண்டு பேரின் பெயரைப் போட்டேன். நல்ல பெருமையில்தான் இருந்தேன்.

மத்தியானம் சாப்பிட மகள் வரவில்லை. போன் அடித்தேன், மணியே போகவில்லை. மாடியில் ஒன்பது கதவையும் தட்டினேன். இல்லை.

அக்கா வாளியோடு வந்தாள். “பாப்பாவா? காலையிலேயே நான்தானே பத்தைத் திறந்து விட்டேன். அமைதியா இருக்குன்னு சொல்லி உள்ள போய் உட்கார்ந்துச்சே.” இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு நடந்தாள். காலண்டர் முன்னால் நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

“சாவி இருக்கு. கதவை எங்கண்ணே வெச்சீங்க?”

ஐயோ. நான் ஓடின ஓட்டம். படியில் ஒரு செருப்பு போச்சு.

மேசையில் மனைவி உட்கார்ந்திருந்தாள். “திரையைத் திறந்துபோட்டுட்டு எங்க சுத்துறீங்க? மூடித் தொலைக்கலாம்னு பார்த்தா, சேமிக்கவா வேண்டாமான்னு கேட்குது, நான் எதை அமுக்க?”

“தொடாதே! எதையும் தொடாதேடி!”

அவளிடம் நான் அப்படிக் கத்தியதே இல்லை. கையை எடுத்துவிட்டாள். அந்தக் கேள்விக்கு மூன்று பதில்கள் இருந்தன. ‘ரத்து’ என்றதை அமுக்கினேன். சரிதானா? கேள்வி மறைந்தது. ஷீட் அப்படியே இருந்தது.

இரண்டு பொத்தான். சேர்த்து. பெயர் ஒன்று போனது. இன்னொரு பெயர் போனது. எழுத்து சிறுத்தது. வண்ணம் போனது. ஏன்டா இவ்வளவு அலங்காரம் பண்ணினே, மடையா? இன்னொரு முறை. அறை 9-க்குக் கீழே ஒரு வரிசை, மூச்சு விடுவதுபோல, வந்து உட்கார்ந்தது.

மாடியில் கதவு திறக்கும் சத்தம்.

“அப்பா, தண்ணி தீர்ந்துடுச்சு” என்று பாட்டிலை ஆட்டிக்கொண்டே இறங்கி வந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். “என்னப்பா, ஷீட்டு அவ்வளவு கஷ்டமாவா இருக்கு?” என்கிறாள்.

“உள்ள... எப்படிம்மா இருந்துச்சு?”

“நல்லாத்தான் இருந்துச்சு. நடுவுல கொஞ்சம் ஜன்னல் இருட்டிக்கிச்சு. அந்தப் பக்கத்து ரூம்காரங்கதான் சுவரைத் தட்டிக்கிட்டே இருக்காங்க, படிக்கவே விடலை.”

“ஒன்பதுல யாரும் இல்லையே.”

“ஒன்பது இல்லப்பா. இந்தப் பக்கம்.”

மார்ச் 12

எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். தெரியாததுபோல நாள் முழுவதும் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றிலிருந்து பதினாறு வரை. நான்தான் அழித்தேன், சிரித்துக்கொண்டே. அன்றைக்கே ஷீட்டை மூடிவிட்டதும் மகள்தான். அதை எந்தப் பொத்தானும் திருப்பாது. அழித்துக்கொண்டிருந்தபோது மணியைத் தட்டியது யார்?

மகளுக்கு ஒன்பதில் இடம் போட்டுவிட்டேன். பத்து வேண்டாம் என்றால் ஏன் என்கிறாள். கொசு என்றேன்.

ஒன்றும் செய்யாமல் இருந்துவிடலாம். மருமகன் சொன்னபடி ஒன்பதோடு நிறுத்தினால் வேலையாவது நிலைக்கும். ஆனால் ஒரு மத்தியானத்துக்கே எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவர்களையும் யாராவது தேடிக்கொண்டுதானே இருப்பார்கள்?

மார்ச் 13

காலையில் ‘அறை 10’ மூலையைப் பிடித்தேன். மெதுவாக, கை நழுவாமல், பதினாறு வரை இழுத்தேன். சேமித்தேன். மருமகன் கேட்டால் கிழவனுக்குக் கணக்கு வராது என்று சொல்லிக்கொள்ளட்டும்.

மேலே போய்ப் பார்த்தேன். சுவர்தான். காலண்டர்தான். எனக்கு மட்டும் அப்படித்தான் தெரியும் போலிருக்கிறது.

கீழே வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அக்கா படியிறங்கி வந்தாள். முகத்தில் அலுப்பு.

“என்ன மேனேஜரண்ணே, வந்தவங்களைக் கவனிக்கவே மாட்டீங்களா? எவ்வளவு நேரமாத் தட்டுறாங்களாம், ஒரு ஆள் எட்டிப் பார்க்கலையாம். ஆறு காப்பி சொல்லுங்க. பதினாலுக்குச் சர்க்கரை வேண்டாமாம்.”

சொல்லிவிட்டேன்.