மதினிக்கு நான் போட்டுக் கொடுத்த செட்

சண்டை போட்ட கையோடு சோறும் போட்டுத் தருகிற என் மதினிக்கு,

சீசன் மறுபடியும் தொடங்கிவிட்டது. நாலு நாளாகச் சாரல் விடவில்லை. குற்றாலத்தில் நீங்கள் ரம்புட்டான் பழம் விற்ற இடத்தில் இந்த வருஷம் வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். பஸ்ஸிலிருந்து பார்த்ததும் எனக்கு எரிச்சலாக வந்தது. அவள் என்ன செய்வாள், பாவம்?

உங்கள் மேலும் எரிச்சல்தான் மதினி. போன சீசனில் காய்ச்சல் வந்த அன்றே கடையை மூடிவிட்டுப் படுத்திருந்தால் என்ன? தென்காசியில் நான் வேலை பார்க்கும் மெடிக்கலுக்கு வந்து நின்றீர்கள். "ரெண்டு மாசந்தான் யாவாரம், இப்பப் போய்ப் படுக்கவா சொல்லுத? ஏட்டி, ஒரு செட் போட்டுத் தா, சரியாயிரும்."

போட்டுத் தந்தேன். ஊரே படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நம்ம பக்கம் யார் மாத்திரையின் பேரைச் சொல்லிக் கேட்கிறார்கள்? காய்ச்சலுக்கு ஒரு செட், மேல்வலிக்கு ஒரு செட். நாங்களும் அட்டைகளைத் துண்டு துண்டாக வெட்டி, சின்னக் காகிதக் கவரில் போட்டு நீட்டிவிடுவோம். வெட்டும்போது பேர் ஒரு துண்டில் பாதி, இன்னொரு துண்டில் பாதியாகப் போய்விடும். அதற்காக யாரும் கவலைப்பட்டதில்லை, நானும்தான்.

காய்ச்சல் குறையாமல் மேல்வலியும் சேர்ந்துகொண்டதால், மறுநாளே குற்றாலத்தில் ஒரு மருந்துக் கடையில் அதற்கு இன்னொரு செட் வாங்கினீர்கள். போதாததற்குப் பக்கத்துக் கடைக்காரி கொடுத்த தலைவலி மாத்திரை வேறு. நிறம்தான் வேறு வேறு, மூன்றிலும் இருந்தது ஒரே பாராசிட்டமால். சரியாகச் சாப்பிடாமல், வேளாவேளைக்கு மூன்றையும் சேர்த்து நாலு நாள் விழுங்கினீர்கள். பேர் இருந்திருந்தால் நீங்களே பிடித்திருப்பீர்கள். கூடையின் அடியில் கிடக்கும் ஒரு சொத்தைப் பழத்தைக்கூட விடாத ஆளாச்சே!

கண் மஞ்சளானதும் எல்லாரும் மஞ்சக்காமாலை என்றார்கள். உப்பில்லாப் பத்தியம், பச்சிலை மருந்து என்று இன்னும் மூன்று நாளைத் தொலைத்தோம். மருந்துக் கடையில் வேலை பார்க்கிற நானும் தலையாட்டினேன். ஆள் அடையாளம் தெரியாமல் நீங்கள் உளற ஆரம்பித்த பிறகுதான் திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"என்னென்ன மாத்திரை சாப்பிட்டாங்க?" என்று டாக்டர் கேட்டார். அண்ணன் உங்கள் பையை மேசையில் கொட்டினான். கவரும் துண்டுகளுமாக விழுந்தன. அவனுக்கு ஒன்றின் பேரும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. எல்லாம் ஒரே மருந்துதான் என்று சொன்னேன். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அளவு மீறி ஈரலே போச்சும்மா. இதுக்கு மாத்து மருந்து இருக்கு. முதல்லயே வந்திருக்கணும்."

ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. மூன்று வேளைக்கு மூன்று கோடு போட்டிருந்த கவர் என்னுடையது. அண்ணன் கவனிப்பதற்குள் அதை உள்ளங்கையில் மடக்கிக்கொண்டேன்.

நீங்கள் போன பிறகு, குற்றாலத்தில் வாங்கியது மட்டுமே தெரிந்த அவன் அந்த மருந்துக் கடைக்காரரின் சட்டையைப் பிடித்தான். "ஏலே, எம் பொண்டாட்டியக் கொன்னுட்டியேலே!"

"அண்ணாச்சி, நான் ஒரே ஒரு செட்டுதான் குடுத்தேன்" என்று அந்த மனுஷர் அழுதார். அது உண்மை. நான் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். உங்களை நினைத்து அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். எப்பேர்ப்பட்ட கோழை நான்! இந்த ஒரு வருஷமாக வெட்டுகிற கடைகள் மேல், வெட்டச் சொல்லும் ஜனங்கள் மேல், உங்கள் மேல் என்று எல்லார் மேலும் கோபப்பட்டேன். கத்தரிக்கோலை மட்டும் கீழே வைக்கவில்லை.

நேற்று அண்ணன் எங்கள் கடைக்கு வந்தான். கழுத்து வலியாம். "ஏட்டி, ஒரு செட் போடு. வெளிய எவன்ட்டயும் வாங்க மாட்டேன். ஒங்கிட்டன்னா பயமில்ல."

எடுத்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். "அண்ணாச்சி நிக்காருல்லா, வெட்டிக் குடும்மா" என்றார் முதலாளி. மாட்டேன் என்றேன். இனி யாருக்கும் வெட்ட மாட்டேன், பேர் தெரிகிற மாதிரி முழு அட்டையாகத்தான் கொடுப்பேன், அதுவும் டாக்டர் சீட்டு இருந்தால்தான் என்றேன். அப்படியென்றால் வேறு இடம் பார்த்துக்கொள் என்றார். பார்த்துக்கொள்கிறேன். அண்ணன் ஒன்றும் புரியாமல் வெறுங்கையோடு போனான்.

மதினி, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்தக் கடிதத்தை முதலில் அண்ணனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வேன். படித்து முடிக்கும் வரை எதிரிலேயே நிற்பேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன். வீட்டுப் படி ஏறாதே என்றால் ஏற மாட்டேன். பிறகு நான் தனியாகவாவது குற்றாலத்துக்குப் போய் அந்தக் கடைக்காரரிடம் நடந்ததைச் சொல்வேன்.

என்னிடம் வாங்கினால் பயமில்லை என்று அண்ணன் இன்னொரு தடவை சொல்லக் கூடாது. அவன் என்னைக் கண்டு பயப்படட்டும் மதினி. உயிரோடு இருந்தால் போதும்.

மன்னிப்புக் கேட்கத் தைரியமில்லாத,
உங்கள் நாத்தனார்